மெருகு என்ன குற்றமா? – 'த நைற்ஃப்ளை' இசைத்தட்டை முன்வைத்து

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் நண்பர் ஒருவரின் வீட்டில் இராப்போசனத்துக்குக் கூடியிருந்தோம். பேச்சு அரசியலில் தொடங்கி, வழக்கம்போல அலுத்துப்போய், இசையில் வந்து நின்றது. மேலைத்தேய இசைத்தட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள் என்று ஒருவர் கேட்டார். டொனால்ட் ஃபேகன் 1982 ஆம் ஆண்டு வெளியிட்ட 'த நைற்ஃப்ளை' என்றேன். மேசையைச் சுற்றி ஒரு சிரிப்பு எழுந்தது.

"அதுவா? மின்தூக்கிக்குள் ஒலிக்கிற சங்கதியல்லவா அது? போர்க்காலம் முழுவதும் பத்திரிகையில் இருந்த மனிதர் நீங்கள். இந்த வழுவழுப்பு உங்களுக்கு எப்படிப் பிடித்தது?" என்றார் நண்பர்.

நான் அப்போது பதில் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசையில் வழக்காடுவது எனக்குப் பழக்கமில்லை, எழுதுவதுதான் பழக்கம். ஆகவே பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபேகன், 'ஸ்டீலி டான்' என்ற அமெரிக்க இசைக்குழுவை வோல்டர் பெக்கருடன் சேர்ந்து நடத்தியவர். 1981 இல் அக்குழு கலைந்தது. அடுத்த ஆண்டே அவர் தனித்து வெளியிட்ட முதல் இசைத்தட்டு இது. எட்டுப் பாடல்கள், மொத்தம் நாற்பது நிமிடங்களுக்கும் குறைவு. 3எம் நிறுவனத்தின் 32 தட டிஜிட்டல் கருவியில், முழுவதும் டிஜிட்டல் முறையிலேயே பதிவான ஆரம்பகால ஜனரஞ்சக இசைத்தட்டுகளுள் இதுவும் ஒன்று. தயாரிப்பாளர் கேரி காட்ஸ். ஜெஃப் போர்காரோ, மார்கஸ் மில்லர், லறி கார்ல்டன், பிரெக்கர் சகோதரர்கள் என்று அக்காலத்தின் தலைசிறந்த வாத்தியக்காரர்கள் பலர் இதில் வாசித்திருக்கிறார்கள். ஜாஸின் சுரக்கோர்வைகளை ஜனரஞ்சகப் பாடலின் எளிய உடலுக்குள் ஒளித்து வைத்த இசை இது.

"குறைத்து மதிப்பிடப்பட்டது என்கிறீர்களே, ஏழு கிராமி விருதுகளுக்கு முன்மொழியப்பட்ட தட்டல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். 1983 ஆம் ஆண்டு கிராமி விழாவில், ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான விருது 'டோட்டோ' குழுவின் நான்காவது தட்டுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் குழுவின் ட்ரம்ஸ் கலைஞரும் இதே ஜெஃப் போர்காரோதான். ஆனால் விருதுக் கணக்கு என் வழக்கல்ல. இந்தத் தட்டைப் புறக்கணித்தவர்கள் செய்த தீங்கைவிட, புகழ்ந்தவர்கள் செய்த தீங்கு பெரிது என்பதே என் வழக்கு.

பம்பலப்பிட்டியில் ஒலிபெருக்கிகள் விற்கும் கடையொன்றுக்கு ஒருமுறை போயிருந்தேன். விற்பனையாளர் இந்த இறுவட்டைத்தான் போட்டுக்காட்டினார். முதலாவது பாடலின் தொடக்க இசை வந்தது. "பாருங்கள் ஐயா, எவ்வளவு துல்லியம்!" என்றார். பாடுபவரின் குரல் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட்டு அடுத்த பெட்டிக்கு மாற்றினார். உலகெங்கும் ஒலிப்பிரியர்கள் நாற்பது வருடங்களாகச் செய்துவருவது இதைத்தான். பாத்திரத்தின் பளபளப்பைத் தட்டிப் பார்க்கிறார்கள். அதற்குள் இருக்கும் சோற்றை எவரும் தொடுவதில்லை. ஏளனம் செய்பவர்களும் மெருகை மட்டுமே பார்க்கிறார்கள், போற்றுபவர்களும் மெருகை மட்டுமே பார்க்கிறார்கள். 2005 இல் தொடங்கிய ஓர் இணைய நகைச்சுவைத் தொடர் இவ்வகை இசைக்கெல்லாம் 'உல்லாசப் படகு இசை' என்று பொருள்படும் பெயரைச் சூட்டிய பிறகு ஏளனம் செய்வது இன்னும் இலகுவாகிவிட்டது.

இனி, அந்தப் பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறதென்று பார்ப்போம்.

முதலாவது பாடலின் பெயர் 'ஐ.ஜி.வை.'. சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டு என்பதன் சுருக்கம் அது. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை பல நாடுகளின் விஞ்ஞானிகள் ஒன்றுகூடிப் பூமியை ஆராய்ந்த காலம். ஸ்புட்னிக் விண்ணுக்குச் சென்றதும் அப்போதுதான். அந்நாளில் அமெரிக்கப் புறநகரொன்றில் வளரும் சிறுவனுக்கு, எதிர்காலம் எப்படியிருக்கும் என்று பெரியவர்கள் கொடுத்த வாக்குறுதிகளின் பட்டியலே அப்பாடல். கடலுக்கடியில் நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் வரை ரயில் ஓடும். வானிலை மனிதன் சொற்படி கேட்கும். இரக்கமுள்ளவர்கள் செய்த இயந்திரம் நமக்காக முடிவெடுக்கும். ஃபேகன் 1948 இல் பிறந்தவர். நியூ ஜேர்ஸியின் புறநகரொன்றில் வளர்ந்தவர். பாடல் வெளிவந்த 1982 இல் கென்னடியின் கொலையையும் வியட்நாமையும் கண்டு முடித்துவிட்டவர். அந்த வாக்குறுதிகள் என்னவாயின என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அந்தச் சிறுவனை அவர் ஓரிடத்திலும் கேலி செய்யவில்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், அவன் நம்பியவாறே பாடுகிறார். கேட்பவனுக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

எனக்கு அடைத்ததற்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அதே புவிப்பௌதிக ஆண்டுக்குள்தான் எங்கள் 1958 மே மாதமும் வருகிறது. என் தந்தையார் அப்போது கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். கலவரத்தில் தப்பியவர்களோடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்திறங்கியவர். டார்சி விட்டாச்சி அந்த நாட்களைப் பற்றி எழுதிய நூலைப் பிற்காலத்தில் நான் வாசித்தேன். ஆனால் தந்தையார் அதைப் பற்றிச் சத்தமிட்டு ஒருநாளும் சொன்னதில்லை. வேலைக்குப் போகும் சட்டையை அயன் பண்ணிக்கொண்டே, ஏதோ பஸ் தாமதமான கதையைச் சொல்வதுபோலச் சொல்வார். கொலரின் மடிப்பு கலையாது, குரலும் கலையாது. ஃபேகனின் குரலை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் குரல்தான். வழுவழுப்பான குரலில் பேசுபவருக்கு வலியில்லை என்று சொல்பவர்கள் என் தந்தையாரைச் சந்திக்காதவர்கள்.

ஐந்தாவது பாடல் 'நியூ ஃப்ரொன்டியர்'. கென்னடி 1960 இல் முழங்கிய தேர்தல் வாசகம்தான் அந்தத் தலைப்பு. அணுகுண்டு விழுந்தால் பதுங்குவதற்காகத் தந்தை தோண்டிவைத்த நிலவறைக்குள், மகன் சிநேகிதர்களைக் கூட்டிவந்து விருந்து வைக்கிறான்; பிடித்த பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கிறான். துள்ளலான இசை. இதைத்தான் அர்த்தமற்ற களியாட்டம் என்கிறார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எங்கள் பின்வளவிலும் ஒரு பங்கர் இருந்தது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது. அயல்வீட்டுப் பிள்ளைகளோடு அதற்குள் கடதாசி விளையாடியிருக்கிறோம், சிரித்திருக்கிறோம். பதின்வயதுப் பிள்ளைக்குப் பயம் பத்து நிமிடந்தான். அதன் பிறகு பக்கத்தில் இருப்பது யாரென்பதே முக்கியம். அந்த அமெரிக்கப் பையனின் நிலவறைமீது குண்டு விழவில்லை. எங்கள் ஊரில் விழுந்தது. இந்த வித்தியாசத்தை நான் மறைக்கவில்லை. ஆயினும் பெரியவர்களின் யுத்தத்துக்குள்ளே பிள்ளைகள் தமக்கென ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்கிறார்கள் என்ற உண்மையை இத்தனை இலேசாகச் சொன்ன பாடலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஏழாவது பாடலான 'த குட்பை லுக்', நண்பரின் கேள்விக்கு நேரடியான பதில். அழகான கரீபியன் தீவொன்று. ஆட்சி மாறிவிட்டது. அங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவன், தன்னைப் பார்ப்பவர்களின் கண்களில் ஏதோ மாறியிருப்பதைக் கவனிக்கிறான். தனக்கென்று ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்பதும், இரவுக்குள் ஒரு படகு தேடவேண்டும் என்பதும் அவனுக்குப் புரிகிறது. இசையோ கடற்காற்றுப்போல மிதமாக வீசுகிறது. இதில் முரண் என்ன? நேற்றுவரை நின்று சிரித்துப் பேசிய அயலவர் இன்று கண்ணைத் தவிர்த்துவிட்டுப் போன காலையை எங்களில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்! அன்றைக்கும் வானம் நீலமாகத்தான் இருந்தது. கடல் கறுக்கவில்லை, இடி இடிக்கவில்லை. ஆபத்து வரும்போது பின்னணியில் தாரை தப்பட்டை முழங்குவது சினிமாவில் மாத்திரமே. அந்தப் பாடலை உறுமும் கிற்றாரோடு பாடியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். அங்கே மெருகுதான் உள்ளடக்கம்.

பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நாட்களில் 'உருவமா, உள்ளடக்கமா' என்ற விவாதத்தில் நானும் தொண்டை கிழியக் கத்தியவன். கைலாசபதியையும் சிவத்தம்பியையும் வாசித்துவிட்டு, உள்ளடக்கத்தின் பக்கம் நின்றவன். அந்த விவாதத்தால் நான் பெற்றது அதிகம். அதை இன்று எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் அதை அரைகுறையாக விளங்கிக்கொண்ட ஒரு கூட்டம், கரடுமுரடாக இருப்பதெல்லாம் நேர்மை, செப்பமாக இருப்பதெல்லாம் போலி என்றொரு குறுக்குச் சூத்திரத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கவிதையானாலும் கட்டுரையானாலும் இசையானாலும், அழுதால் உண்மை, அடங்கினால் பொய்! முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்திகளைச் செப்பனிட்டு வாழ்கிறவன் நான். மிகக் கொடிய செய்திகளை மிக அமைதியான வசனங்களில் எழுதவேண்டும் என்பதே எனக்கு இந்தத் தொழில் கற்றுத்தந்த பாடம். பெயரடைகளைக் குவித்து எழுதிய மரணச் செய்தி எவரையும் அசைத்து நான் கண்டதில்லை.

குறைகளும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'ரூபி பேபி' என்ற பழைய பாட்டின் மறுவார்ப்பு வெறும் ஆபரணமாகவே எனக்குப் படுகிறது. பாடல்களில் வரும் பெண்கள் அந்தப் பையனின் கனவுகளாகவே வந்து போகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு சொல் இல்லை. இவ்வளவு வாத்தியக்காரர்களையும் கலையகங்களையும் வைத்து இசை செய்வதற்குப் பணம் வேண்டும் என்பதும் மெய்யே. ஆனால் 'வெறும் மேற்பூச்சு' என்ற குற்றச்சாட்டு இவற்றில் எதனாலும் நிரூபணமாவதில்லை.

கடைசியாக, இந்த இசை என்னிடம் வந்து சேர்ந்த கதை. 1996 ஆம் ஆண்டு. வரட்சியால் நாடெங்கும் மணிக்கணக்கில் மின்வெட்டு. நான் ஆசிரிய பீடத்தில் இரவுக் கடமையில் இருந்தேன். அச்சுக்கூடத்துக்கு மட்டும் ஜெனரேற்றர் ஓடும். கடைசிப் பக்கம் போனபிறகும் வீட்டுக்குப் போக இயலாது. நடுநிசியில் சோதனைச் சாவடிகளைக் கடந்து போவதைவிட மேசையிலேயே விடியும்வரை தலைசாய்ப்பது பத்திரம். ரொறன்ரோவிலிருந்த மச்சான் ஒருவர், ஒலிநாடாவொன்றில் இந்தத் தட்டைப் பதிவுசெய்து, தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார். வோக்மனில் போட்டுக் கேட்டேன். தலைப்புப் பாடலில், இரவு முழுவதும் தனியே இருந்து நிகழ்ச்சி நடத்தும் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் பேசுகிறார். விசித்திரமான நேயர்களின் தொலைபேசி அழைப்புகளுக்கு நையாண்டியாகப் பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். பாதியில், எந்த முன்னறிவிப்புமின்றி, தன் வாழ்விலும் ஒருகாலத்தில் அன்பு இருந்ததென்று சொல்கிறார். பிறகு மீண்டும் வேலையைத் தொடர்கிறார்.

அட்டைப்படத்தைப் பல வருடங்களின் பின்னரே கண்டேன். சட்டைக்கைகளை மடித்து, கழுத்துப்பட்டி கட்டி, ஒலிவாங்கியின் முன்னால் ஃபேகனே அந்த அறிவிப்பாளராக அமர்ந்திருக்கிறார். கடிகாரம் அதிகாலை நான்கு மணியைத் தாண்டி நிற்கிறது. பின்னட்டையில் உறங்கும் புறநகர்; ஒரு வீட்டில், ஒரு யன்னலில் மாத்திரம் வெளிச்சம். யாரோ ஒருவன் விழித்திருந்து கேட்கிறான்.

அன்றிரவு இருண்ட கொழும்பில் அந்த யன்னல் என்னுடையதாக இருந்தது. நண்பருக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: அடுத்த முறை மின்தூக்கியை விட்டிறங்கி, வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்துவிட்டு, ஏழாவது பாடலிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். அதன் பிறகும் இது வழுவழுப்பு என்று தோன்றினால் இறுவட்டைத் திருப்பித் தாருங்கள். எனக்குத் தேவைப்படும்.