கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் தமிழகத்தின் கடைசி ஊர்களுள் ஒன்று ஆரம்பாக்கம். அதைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா, அதையடுத்து ஸ்ரீசிட்டி தொழில் நகரம். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், மேற்கே தேர்வாய்கண்டிகை. இந்தத் தொழிற்பேட்டைகளுக்கு இடையே இரவு பகலாக டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் நிறுவனப் பேருந்துகளும் ஓடுகின்றன. அவற்றின் நடுவே, இரண்டாம் ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பும் தொழிலாளர்களின் இரு சக்கர வாகனங்கள். சென்னையிலிருந்து வரும் புறநகர் மின்சார ரயில்களில் பெரும்பாலானவை கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடுகின்றன. சூலூர்பேட்டை வரை செல்பவை சில மட்டுமே. ஆகவே இரவில் வீடு போய்ச் சேர மோட்டார் சைக்கிளை விட்டால் பலருக்கும் வேறு வழியில்லை.

அந்தப் பயணத்தில் அவர்கள் அஞ்சுவது இருட்டைவிட வெளிச்சத்தைத்தான்.

இருட்டுக்குப் பழகிய கண்ணின் மீது திடீரென வலுவான ஒளி பாய்ந்தால், கண்ணின் பாவை உடனே சுருங்குகிறது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் நிறமி சிதைகிறது. வாகனம் கடந்து போன பிறகும் பார்வை மீளச் சில விநாடிகள் ஆகும். முழுமையாக இருட்டுக்குப் பழக அரை மணி நேரம்கூடத் தேவைப்படும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மூன்று விநாடியில் 40 மீட்டருக்கும் மேல் கடந்துவிடுகிறார். 80 கிலோமீட்டர் வேகமென்றால் சுமார் 67 மீட்டர். அத்தனை தூரமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். வயது ஏறினால் இது இன்னும் மோசமாகும். கண்புரை தொடங்கியவர்களுக்கு ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி வெண்திரையாகப் பரவும். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியும் இதே வேலையைச் செய்கிறது. புதுக் கண்ணாடி வாங்கச் சில நூறு ரூபாய்தான் ஆகும். ஆனாலும் ஹெல்மெட் உடையும்வரை அதை மாற்றுவோர் அரிது.

வாகன ஒளி அண்மை ஆண்டுகளில் இத்தனை கடுமையானதற்கு எல்இடி விளக்குகளே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. தொழிற்சாலையிலேயே எல்இடி பொருத்தி வரும் வாகனங்களில் ஒளிக்கற்றையின் மேல் விளிம்பு எங்கே முடிய வேண்டும் என்பது கணக்கிட்டு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பெரிய சிக்கல், பழைய ஹாலஜன் கூட்டுக்குள் கடைகளில் வாங்கிச் செருகப்படும் எல்இடி, எச்ஐடி பல்புகள். ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பான், சில மில்லிமீட்டர் நீளமுள்ள இழை ஒன்றிலிருந்து ஒளி புறப்படும் என்ற கணக்கில் வளைக்கப்பட்டது. அந்த இடத்தில் வேறு வடிவ ஒளிமூலம் வந்து உட்கார்ந்தால் கற்றை சிதறி மேலே எகிறுகிறது. ஓட்டுநருக்குச் சாலை பளிச்சென்று தெரிவதாகத் தோன்றும். எதிரே வருபவருக்கு ஒன்றும் தெரியாது. ‘டிம்’ செய்தாலும் பயன் இல்லை. 60/55 வாட் பல்புக்கான இடத்தில் 100/90 வாட் பல்பைப் போடுவதும், முன்பக்கக் கம்பியில் கூடுதல் விளக்குகளை வரிசையாகக் கட்டுவதும் இதே வகைதான். பின்புறம் பாரம் ஏற்றிய சிறு சரக்கு வாகனத்தின் மூக்கு மேலே தூக்கிக்கொள்வதால், எந்த மாற்றமும் செய்யாத விளக்கும் எதிராளியின் கண்ணைக் குத்தும். பல கார்களில் விளக்கின் சாய்வைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கிறது. அது எதற்கென்று தெரிந்தவர்கள் எத்தனை பேரோ!

சட்டத்தில் குறையில்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முகப்பு விளக்கின் ஒளி கீழ்நோக்கியே இருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக் கூடாது என்று அளவுகளையும் அது தருகிறது. உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு மாறாக வாகனத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்தது.

நடப்பதோ வேறு. அவ்வப்போது காவலர்கள் சாலையில் வாகனங்களை நிறுத்தி, முகப்பு விளக்கின் நடுவில் கருப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. ஒழுங்காக வடிவமைத்த விளக்கின் நடுவில் பொட்டு வைப்பதால் ஓட்டுநரின் பார்வை குறையுமே தவிர, சிதறிய கற்றை நேராகிவிடாது. தவறான பல்பைக் கழற்றச் சொல்வதே சரியான நடவடிக்கை. அது கொஞ்சம் நேரம் பிடிக்கும். படத்துக்கும் அழகாக இராது.

ஓட்டுநர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. தாழ்ந்த கற்றையில் தெளிவாகத் தெரிவது ஏறத்தாழ 40, 50 மீட்டர்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் சுதாரித்து பிரேக் பிடித்து நிற்க 65 மீட்டருக்கும் மேல் வேண்டும். சாலையோரம் பின்விளக்கோ ஒளிரும் பட்டையோ இன்றி நிற்கும் லாரி, குறுக்கே வரும் மாடு, எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை ‘டிம்’ வெளிச்சத்தில் கண்டு நிற்பது கடினம். இந்த அச்சத்தில்தான் பலர் உயர் கற்றையை அணைக்காமலே செல்கிறார்கள். லாரிகளைக் கண்ட இடத்தில் நிறுத்தவிட்டு, சாலைச் சந்திப்புகளில் விளக்குக் கம்பங்களை எரியவிடாமல் வைத்துக்கொண்டு, ‘விளக்கைத் தாழ்த்துங்கள்’ என்று பலகை மட்டும் வைத்தால் யார் கேட்பார்கள்?

எதிர்த்திசைப் பயணத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில், தாழ்ந்த கற்றையின் இடப்பகுதி சற்று உயர்ந்தே இருக்கும். ஓரத்தில் நடப்பவர்களும் வழிகாட்டிப் பலகைகளும் தெரிவதற்கான ஏற்பாடு அது. எதிரே முறைப்படி வருபவர் வலப்பக்கம் இருப்பதால் அவருக்குத் தொல்லையில்லை. ஆனால் சுற்றிவர வேண்டிய தூரத்துக்கு அஞ்சி சர்வீஸ் சாலையிலும் சாலை ஓரத்திலும் எதிர்த்திசையில் வரும் தொழிலாளி, ஒளியின் அந்த உயர்ந்த பகுதிக்குள் நேராக நுழைகிறார். விதிப்படி பொருத்திய, விதிப்படி தாழ்த்திய விளக்கே அவர் கண்ணை மறைத்துவிடும். நடுத் தடுப்பில் வளர்க்கும் அரளிச் செடிகள் எதிர்த்தடத்தின் ஒளியை மறைக்கத்தான். சாலையின் இந்தப் பக்கத்தில் வருபவருக்கு அவற்றால் பயனில்லை. பாதசாரி மேம்பாலமோ சுரங்கப்பாதையோ திரும்புமிடமோ எங்கே அமைகிறது என்பதும் கண்கூச்சத்தின் ஒரு பகுதிதான்.

இத்தனைக்கும் விபத்துக் கணக்கில் இது எங்கும் தென்படுவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். தமிழகத்தில் மட்டும் 17,884 பேர். விபத்துகள் மிகுதியாக நடப்பது மாலை 6 மணி முதல் 9 மணி வரை. விதிமீறல் அட்டவணையில் நூற்றுக்கு 70க்கும் மேல் ‘அதிவேகம்’ என்று பதிவாகியிருக்கிறது. மது, செல்பேசி, தவறான தடம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, கண்கூச்சத்துக்கு இல்லை. வேகமாகச் சென்றதால் மோதினாரா, கண் தெரியாததால் மோதினாரா என்பதை இறந்தவரிடம் கேட்க முடியாது. உயிர் பிழைத்த எதிர்த்தரப்பு ஓட்டுநர் தன் விளக்கைப் பற்றித் தானாகச் சொல்லப் போவதுமில்லை.

பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையில் முகப்பு விளக்கின் குறியும் பார்க்கப்படுகிறது. இங்கே சரக்கு வாகனங்களுக்கு எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் 15 ஆண்டுகள்வரை எவரும் கேட்பதில்லை. சோதனைக்குப் போகும்போது பழைய பல்பு, வந்ததும் புதிய பல்பு என்பது லாரிப் பட்டறைகளில் அறியாத செய்தியும் அல்ல.

ஆகவே சோதனை சாலையில், இரவில் நடக்க வேண்டும். அதற்கு ஆரம்பாக்கம் பகுதியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. எல்லையைக் கடக்கும் வாகனங்கள் எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டும். 106ஆவது விதி சொல்லும் 8 மீட்டரை அளக்க ஒரு நாடாவும், ஒளியை அளக்கக் கையடக்கக் கருவியும் இருந்தால் ஒரு வாகனத்துக்கு இரண்டு நிமிடம் போதும். தவறான பல்பை அங்கேயே கழற்றி, உரிய பல்பைப் போட்ட பிறகு வண்டியை விடலாம். பல்பை விற்ற கடைக்கும் இதே விதி பொருந்த வேண்டும். முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என்று அரசு அறிவிக்கும் பாகங்களைத் தரமின்றி விற்பவருக்கு ஓராண்டு சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க 2019 திருத்தத்தில் இடமிருக்கிறது. சிப்காட் நிறுவனங்களோ, தங்கள் வாயிலுக்குள் வரும் ஒப்பந்தப் பேருந்துக்கும் லாரிக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்க அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஓட்டுநருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்கும் அதே காவலாளி, சுவரில் கிழித்த ஒரு கோட்டுக்கு மேலே ஒளி விழுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.