இரவில் வெளிச்சம் பாய்ச்சி மான் சுடுவதை அனுமதிக்கலாமா?

இரவு வேளையில் வலுமிக்க மின்விளக்கைக் காட்டுக்குள் பாய்ச்சி, அந்த ஒளியில் திகைத்து நிற்கும் மானைச் சுடுவதை அனுமதிக்கலாமா என்ற கேள்வி புதியதன்று. அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் விடயம் இது. எம்மவர்கள் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள நாடுகள் இவை. எமது வன்னிக் காடுகளிலோ இதே வேட்டை சட்டத்துக்குப் புறம்பாக இன்றும் நடக்கிறது. எனவே இது எங்கோ யாருக்கோ உரிய விவாதம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

என் முடிவை முதலிலேயே கூறிவிடுகிறேன். பொழுதுபோக்குக்காகவோ இறைச்சிக்காகவோ இரவில் வெளிச்சம் பாய்ச்சி மான் சுடுவதை எந்த நாட்டிலும் அனுமதிக்கக் கூடாது. அந்நிய மண்ணில் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கு அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட மான்களைக் குறைப்பதற்கு, பெயரும் பொறுப்பும் பதிவுசெய்யப்பட்டவர்கள் வரையறுக்கப்பட்ட இடத்தில் இதனைச் செய்வது ஒன்றே விதிவிலக்காக இருக்கலாம். மானின் மீதுள்ள இரக்கம் இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மனிதர்கள்.

இந்த வேட்டை எவ்வாறு நடக்கிறதென்பதை முதலில் பார்க்க வேண்டும். மானின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உள்ளது. குறைந்த வெளிச்சத்தில் நன்கு பார்ப்பதற்காக இயற்கை அதற்கு அளித்த வசதி அது. விளக்கை அடித்ததும் இருளுக்குள் இரண்டு கண்கள் மட்டும் நெருப்புத் துண்டுகளாக மின்னுகின்றன. இருளுக்குப் பழகிய கண் கூசிப்போவதால் மான் ஓடாமல் நிற்கிறது. அந்த இரு புள்ளிகளுக்கு நடுவே குறிவைத்துச் சுடுகிறார்கள். ஆணா பெண்ணா, சினையா, குட்டியுடன் நிற்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் தெரிவதில்லை. சூடு தவறிக் காயத்துடன் ஓடினால், இருட்டில் இரத்தத் தடம் பார்த்துத் தொடர்வதும் கடினம். அது பற்றைக்குள் கிடந்து மெல்ல மெல்லச் சாகும்.

மான், மாடு, எருமை, நாய், பூனை ஆகியவற்றின் கண்களில் அந்தப் படலம் உண்டு. மனிதனின் கண்ணில் இல்லை. பன்றியின் கண்ணிலும் இல்லை. இந்தச் சிறு உடற்கூற்று உண்மையில்தான் முழு விவாதமும் அடங்கியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வெளிச்ச வேட்டைக்காரன் தேடுவது மின்னும் கண்ணை. மானுக்குப் பின்னால் ஐம்பது யார் தூரத்தில் ஒரு மனிதன் படுத்திருந்தால் அவனுடைய கண் மின்னப் போவதில்லை. விளக்கொளி வட்டத்துக்கு வெளியே இருப்பது எதுவும் சுடுபவனுக்குத் தெரிவதுமில்லை. துப்பாக்கிக் குண்டு மானோடு நின்றுவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2010 ஒக்டோபரில் நியூசிலாந்தின் கைமனாவா வனப் பூங்காவில் முகாமிட்டிருந்த இளம் ஆசிரியை ஒருவர், இரவு தலைவிளக்கை அணிந்தபடி பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வாகனத்தில் இருந்தவாறு வெளிச்சம் பாய்ச்சி மான் தேடிக்கொண்டு வந்தவர், அந்தத் தலைவிளக்கின் ஒளியை மானின் கண் என்று எண்ணிச் சுட்டிருந்தார். அங்குள்ள அரச பாதுகாப்பு நிலங்களில் இரவு வேட்டைக்கு அப்போதே தடை இருந்தது. சுட்டவர் சிறை சென்றார். ஆயினும் போன உயிர் போனதுதான்.

நானும் பத்திரிகை மேசையில் இருந்த ஆண்டுகளில் "மிருகம் என நினைத்துச் சுட்டதில் ஒருவர் பலி" என்ற செய்தியைப் பல தடவை திருத்தி அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஊர்ப்பெயரும் வயதும் மாறும்; வாசகம் மாறாது. இறந்தவர் பெரும்பாலும் வயற்காவலுக்குப் போனவராகவோ, மாடு தேடிச் சென்றவராகவோ, கூட வந்த வேட்டைத் துணைவராகவோ இருப்பார். உள்பக்கத்தில் நான்கு வரியில் முடிந்துபோகும் இச்செய்திகளை விபத்து என்ற கணக்கில் நாம் சேர்த்துவிடுகிறோம். எதைச் சுடுகிறோம் என்று தெரியாமலே விசையை இழுப்பதை எப்படி விபத்து என்று சொல்வது?

இனி, அனுமதிக்க வேண்டும் என்போரின் வாதத்துக்கு வருவோம். அதில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன்.

மெல்பேர்ணில் வாழும் என் பல்கலைக்கழகக் காலத்து நண்பர் ஒருவரோடு தொலைபேசியில் இதுபற்றிப் பேச்சு வந்தது. "மச்சான், இஞ்ச மான் பெரிய பீடை. காட்டையும் தின்னுது, தோட்டத்தையும் தின்னுது. இரவிலதான் வெளியில வரும். இரவில சுடாமல் வேற எப்ப சுடுறது?" என்று கேட்டார். அவர் சொல்வதில் உண்மையுண்டு. விக்டோரியா மாநிலத்தில் மான் அந்நிய விலங்கு. 1860களில் ஆங்கிலேயக் குடியேற்றக்காரர்கள் வேட்டைக்கும் அழகுக்குமாகப் பிற நாடுகளிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றுள் முதன்மையானது, நாம் மரை என்று அழைக்கும் பெருமான். இந்தியாவிலிருந்து மட்டுமன்றி எமது இலங்கையிலிருந்தும் மரைகள் கப்பலேறின. அதே நூற்றாண்டில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்திக் கொன்ற கதைகளைத் தம் நூலில் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். அந்த மரையின் உறவினர்கள்தான் இன்று அவுஸ்திரேலிய மலைக்காடுகளில் பெருகிக் கிடக்கின்றன. சுதேசத் தாவரங்களுக்கு அவற்றால் ஏற்படும் அழிவு அம்மாநிலச் சட்டத்தின் கீழேயே ஓர் அச்சுறுத்தலாகப் பதியப்பட்டுள்ளது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உரிமம் பெற்ற வேட்டைக்காரர்கள் அங்கு 1,70,000க்கும் அதிகமான மான்களைச் சுட்டதாக மதிப்பிடப்பட்டது.

இவ்வளவு பெருகிய நிலையிலும் விக்டோரியா பொழுதுபோக்கு வேட்டைக்காரர்களுக்கு இரவைத் திறந்துவிடவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின்னர், மறுநாள் உதயத்துக்கு அரை மணி நேரத்துக்கு முன்புவரை அவர்கள் மான் சுடக்கூடாது. மான் வாழும் பகுதியென அறிவிக்கப்பட்ட இடத்தில் இரவில் துப்பாக்கியையும் ஒளிபாய்ச்சும் விளக்கையும் சேர்த்து வைத்திருப்பதே அங்கு குற்றம். தமது காணியில் சேதம் விளைவிக்கும் மான்களைக் கட்டுப்படுத்தும் காணிச் சொந்தக்காரர்களுக்கு நிபந்தனைகளோடு வேறு வழி உண்டு. தேசியப் பூங்காக்களில் அரசின் ஏற்பாட்டில் பயிற்சி பெற்றவர்கள் மான்களைக் குறைக்கும் பணியும் நடக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டின் மான் சட்டம், சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தின் பின்னர் மானைச் சுடுவதைத் தடுக்கிறது. தேவை நிரூபிக்கப்பட்டால் மட்டுமே தனி அனுமதி.

இந்த வேறுபாடு சரியானது என்று நினைக்கிறேன். பணியாளர் ஒருவர் குறிப்பிட்ட காணியில், அயலவருக்கு அறிவித்து, வழிகளை மூடி, பின்னணியில் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்துச் சுடுகிறார். தவறினால் யாரிடம் கேட்பதென்று தெரியும். வார இறுதியில் நான்கு நண்பர்கள் பிக்கப் வாகனத்தின் பின்னால் ஏறிநின்று, வீதியோரமெங்கும் விளக்கை வீசிக்கொண்டு போவது வேறு. இரண்டிலும் விளக்கு ஒன்றுதான், குண்டும் ஒன்றுதான். அந்தக் குண்டுக்குப் பொறுப்பாளி யார் என்பதில்தான் வித்தியாசம். மான் தொகையைக் குறைப்பது பொதுநலன் என்றால் அது பொதுப்பணியாக, கணக்கு வைத்துச் செய்யப்பட வேண்டும். தனிமனித இன்பத்துக்குப் பொதுநலன் என்று பெயர் சூட்டக் கூடாது.

அவுஸ்திரேலிய வாதத்தை இலங்கைக்கு இறக்குமதி செய்ய முயல்வோரும் உள்ளனர். அது இங்கு சற்றும் பொருந்தாது. இங்கே புள்ளிமானும் மரையும் மண்ணின் மைந்தர்கள். அவற்றை உண்டு வாழும் சிறுத்தை எமது காடுகளில் இருக்கிறது. மானும் மரையும் குறைந்தால் சிறுத்தைக்கு உணவு குறையும். பசித்த சிறுத்தை பட்டி மாட்டைத் தேடி ஊருக்குள் வரும். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவ்விலங்குகளைப் பாதுகாக்கின்றன. வில்பத்து ஒருபுறம் இருக்க, மடு வீதியும் சுண்டிக்குளமும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. காகிதத்தில் குறையில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? 2009இல் போர் முடிந்த பின்னர் வன்னியின் வீதிகள் திறந்தன. முன்னர் இடியன் துவக்கோடு நடந்துபோன வேட்டைக்காரனின் இடத்துக்கு வாகனமும் வலுக்கூடிய விளக்கும் வந்து சேர்ந்தன. ஆடி, ஆவணி வரட்சியில் சிறு குளங்கள் வற்றிப்போக, எஞ்சிய நீருள்ள குளக்கரைகளுக்கு மான்கள் இரவில் கூட்டமாக வரும். அங்கே காத்திருந்து வெளிச்சம் அடிப்பவனுக்கு ஓர் இரவு போதும். பிடிபட்டால் அநேகமாக ஒரே பதில்தான்: "பன்றிக்குப் போனோம்."

இந்தப் பதிலைச் சற்று உரசிப்பார்க்க வேண்டும். காட்டுப்பன்றியால் விவசாயி படும் துன்பம் உண்மையானது. ஓர் இரவில் மரவள்ளித் தோட்டம் ஒன்றையே கிண்டிப்போட்டுவிடும். அதனால்தான் பன்றிக்கு மானுக்குள்ள பாதுகாப்பைச் சட்டம் வழங்கவில்லை. ஆனால், முன்னர் சொன்னதுபோல, பன்றியின் கண் மானின் கண்ணைப்போல மின்னாது. மின்னும் கண்ணைக் கண்டு சுட்டவன் பன்றியைச் சுடவில்லை. மானையோ மாட்டையோதான் சுட்டிருக்கிறான். அறுவடை முடிந்த வயல்களில் வன்னியின் மாடுகள் இரவிலும் திரியும். பட்டியடியில் மாட்டுக்காரர் படுத்திருப்பார். காவல் கொட்டிலில் வயோதிபர் ஒருவர் பீடியைப் பற்றவைத்திருப்பார். அந்தச் சிறு நெருப்பும் இருட்டில் ஒரு கண்ணைப்போலத் தெரியலாம்.

"ஏழை வேட்டைக்காரனின் வயிற்றில் அடிக்காதீர்கள்" என்றும் சிலர் கூறுவர். அவனது வறுமையை நான் மறுக்கவில்லை. ஆனால், எரிபொருள் நிரப்பிய வாகனமும் விலையுயர்ந்த விளக்கும் ஏழையின் கருவிகள் அல்ல. இறைச்சியோடு பிடிபட்டு நீதிமன்றப் படியேறித் தண்டம் கட்டுவது பெரும்பாலும் கூலிக்குச் சென்றவன். வாகனத்தை அனுப்பியவரும் இறைச்சியை வாங்கியவரும் வழக்கேட்டில் இருப்பதில்லை.

நான் வேண்டுவது மூன்று. முதலாவது, இறைச்சியைத் தேடிப் பிடிப்பதோடு நில்லாமல், காட்டோர வீதிகளில் இரவில் விளக்கும் துவக்குமாகத் திரிவதையே குறிவைத்துச் சோதனை நடத்தப்பட வேண்டும். விக்டோரியாவின் விதியிலிருந்து நாம் கற்க வேண்டியது இது. இரண்டாவது, பயிரழிவுக்குள்ளாகும் விவசாயிக்கு உறுதியான வேலியும் காலம் தாழ்த்தாத நட்டஈடும் கிடைக்க வேண்டும். அவரது துன்பத்தைத் தீர்க்காமல் அவரை மட்டும் சட்டத்தால் மிரட்டுவது அநீதி. மூன்றாவது, வனசீவராசிகள் திணைக்களத்தினரும் பொலிஸாரும் வாகனம் யாருடையது என்பதைப் பார்த்துத் தயங்காதிருக்க வேண்டும்.

விளக்கின் மீது எனக்குக் கோபம் இல்லை. அமெரிக்காவில் ஜோர்ஜ் ஷைராஸ் என்பவர், படகில் விளக்கேற்றிச் சென்று மான் சுடும் பழைய முறையையே எடுத்துக்கொண்டு, துப்பாக்கிக்குப் பதிலாகக் கமராவை வைத்தார். அவர் இரவில் எடுத்த வனவிலங்குப் படங்கள் 1906இல் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையில் வெளிவந்து பலரை வியக்கவைத்தன. வெளிச்சத்தில் திகைத்து நின்ற மான், படம் எடுத்த மறுகணம் காட்டுக்குள் ஓடியது.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது மரை இறைச்சியும் தேனில் ஊறிய வத்தலும் கிடைக்குமா என்று கேட்பது பலருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. சிறுவயதுச் சுவை அது, விளங்குகிறது. ஆனால் நீங்கள் கேட்டதால்தான் ஒருவன் அன்றிரவு விளக்கை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். அவன் சுடும் திசையில் யார் படுத்திருக்கிறார் என்பது அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தயவுசெய்து கேட்காதீர்கள்.