நிறையாத செப்டிக் டாங்க்... சந்தோஷப்படாதீங்க!

"வீடு கட்டி இருபது வருஷமாச்சு ஸார்... செப்டிக் டாங்க் மூடியை ஒரு தடவைகூடத் திறந்ததில்ல. நிறைஞ்சாத்தானே திறக்கறதுக்கு!"

இப்படிப் பெருமையாகச் சொல்கிறவர் உங்கள் தெருவில் ஒருத்தராவது இருப்பார். உங்கள் வீட்டிலேயே இருந்தாலும் ஆச்சரியமில்லை. கேட்கிறவர்களும், "அட, எந்த மேஸ்திரி கட்டினது?" என்று விலாசம் விசாரிப்பார்கள்.

தயவுசெய்து அந்த மேஸ்திரியின் விலாசத்தை வாங்கிவிடாதீர்கள். இருபது வருஷமாக நிறையாத டாங்க் நல்ல டாங்க் இல்லை, ஓட்டை டாங்க்! தினமும் நாலைந்து பேர் உபயோகிக்கிற கழிப்பறையிலிருந்து உள்ளே போனது எங்கேயாவது போயிருக்க வேண்டுமே... எங்கே போனது?

இந்தக் கேள்விக்குப் பதில் பளிச்சென்று புரிய வேண்டுமானால், பழவேற்காட்டுப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனால் லைட்ஹவுஸ் குப்பம். கலங்கரை விளக்கம் இருப்பதால் அந்தப் பெயர். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் ஏரி, நடுவே மணல். அந்த மணல் மேல்தான் மீனவர் குடும்பங்களின் வீடுகள்.

இந்த மாதிரி மணல் திட்டில் ஆழமாகத் தோண்ட வேண்டிய அவசியமே கிடையாது. சில அடியிலேயே தண்ணீர் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மேலே ஏறி நிற்கும். இதில் குடிக்க லாயக்கான நல்ல தண்ணீர் எது தெரியுமா? மழையாகப் பெய்து மணலில் இறங்கிய தண்ணீர்தான். அது கீழே இருக்கிற உப்புத் தண்ணீரோடு சட்டென்று கலந்துவிடாமல், பால் மேல் ஏடு மிதக்கிற மாதிரி மேலாக மிதந்து கொண்டிருக்கும். அடிபம்பில் வருவதும், கையால் தோண்டுகிற ஊற்றில் சுரப்பதும் அந்த ஏடுதான்.

சரி, கக்கூஸ் குழியை எங்கே இறக்குகிறோம்? அதே ஏட்டுக்குள்ளேதான்!

கடலோரத்தில் சகஜமாகப் பார்க்கிற முறை இது. மூன்று நாலு சிமென்ட் உறையை மணலுக்குள் இறக்குவார்கள். அடியில் தளம் போட மாட்டார்கள். மேலே ஒரு சிலாப், அதில் ஒரு பைப். கேட்டால் 'செப்டிக் டாங்க்' என்பார்கள். அது டாங்க்கே இல்லை, வெறும் குழி. போடுகிறது மணலில் இறங்கி, பக்கத்து வீட்டு அடிபம்புக்கும், அப்புறம் மெல்ல ஏரிக்கும் போய்ச் சேருகிறது. ஏரி யாருடையது? இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு 'பழவேற்காட்டு நண்டு' வேண்டும் என்று ஆசைப்படுகிற நம்முடையதும்தான்.

குப்பத்து ஜனங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஈ.சி.ஆர். ஓரமாக லட்ச லட்சமாய்க் கொட்டி வீடு கட்டிக்கொண்டு போகிறோமே, அதுவும் இதே மணல்தான். அங்கே பாத்ரூமுக்கு இத்தாலி மார்பிள் தேடுகிறவர்கள், செப்டிக் டாங்க்குக்கு அடித்தளம் போட்டார்களா என்று எட்டிப் பார்ப்பதில்லை. குப்பத்தில் பணம் இல்லாததால் நடக்கிற தப்பு, இங்கே பணம் இருந்தும் நடக்கிறது. எனக்கு இதுதான் பெரிய குற்றமாகப் படுகிறது.

'பக்கத்து வீட்டுக் குழியிலிருந்து நம்ம வீட்டுத் தண்ணிக்கு என்ன வந்துடப் போகுது?' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. கதை இல்லை, நடந்தது. 1854-ல் லண்டன் மாநகரத்தில் ப்ராட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் திடீரென்று காலரா. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். ஜான் ஸ்நோ என்கிற டாக்டர் வீடு வீடாக விசாரித்து, செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவின் அடிபம்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று கண்டுபிடித்தார். பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இதுவரை பலருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். பம்புக்குத் தண்ணீர் எப்படிக் கெட்டது என்று மறுவருஷம் தோண்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கழிவுக் குழியின் செங்கல் சுவர் உளுத்துப் போயிருந்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி மூன்றடிகூட இல்லை! அந்த வீட்டில் பேதியாகி இறந்துபோன ஒரு கைக்குழந்தையின் துணியை அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு வீட்டின் ஓட்டைக் குழி, ஒரு தெருவையே காலி செய்தது.

காலராவை விடுங்கள். டைபாய்டு, மஞ்சள் காமாலை, குழந்தைகளுக்கு வருகிற பேதி, வயிற்றுப் பூச்சி எல்லாம் வருவது இதே வழியில்தான். குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு என்றால் ஹோட்டல் சாப்பாட்டைத் திட்டுகிறோம், மாமியார் கொடுத்த முறுக்கைத் திட்டுகிறோம். கொல்லைப்பக்கம் இருக்கிற சிலாப் மேல் சந்தேகமே வருவதில்லை.

இப்போது ஒரு சின்ன பாடம். உண்மையான செப்டிக் டாங்க் என்பது அடியிலும் பக்கத்திலும் ஒரு சொட்டுக்கூடக் கசியாத தொட்டி. உள்ளே வருகிற கழிவில் கனமானது அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் தெளிந்த தண்ணீர் மட்டும் இன்னொரு பைப் வழியாக வெளியேறி, உறிஞ்சு குழிக்குப் போகும். ஆகவே நல்ல டாங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும்! உபயோகிக்க ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே வெளியேறும் பைப் மட்டத்துக்குத் தண்ணீர் வந்து, அப்புறம் எந்தக் காலத்திலும் அதே மட்டத்தில் நிற்கும். 'நிறையட்டும், அப்புறம் லாரியைக் கூப்பிடலாம்' என்பது அர்த்தமில்லாத பேச்சு. நாம் எடுக்க வேண்டியது தண்ணீரை இல்லை, அடியில் சேர்கிற கசடை.

உங்கள் டாங்க் ஓட்டையா, இல்லையா? மூடியை ஒரு நாள் திறக்கச் சொல்லிப் பாருங்கள் (பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி கூடாது, தலையை உள்ளே நீட்டிப் பார்க்கக் கூடாது). தண்ணீர் வெளியேறும் பைப்புக்குக் கீழே இறங்கியிருந்தால், டாங்க் கசிகிறது. மழைக்காலத்தில் பைப்புக்கு மேலே ஏறினால், வெளித் தண்ணீர் உள்ளே வருகிறது அல்லது உறிஞ்சு குழி அடைத்திருக்கிறது. கசடை அளப்பதும் சுலபம். நீளக் கழியின் முனையில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்கி, சில நிமிஷம் வைத்திருந்து எடுங்கள். கறுப்பாகக் கறை பிடித்த உயரம்தான் கசடின் உயரம். மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டதென்றால் லாரிக்குச் சொல்ல வேண்டியதுதான். சாதாரணமாக இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் இந்த வேளை வரும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு... அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குக் குறையாத தண்ணீர் ஆழம் என்று இந்திய தர நிர்ணயமே (ஐ.எஸ். 2470, 1985) கணக்குக் கொடுத்திருக்கிறது. பெரிய அரண்மனை ஒன்றும் கட்ட வேண்டாம். உறிஞ்சு குழி, குடிக்கிற தண்ணீர் எடுக்கிற கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் யாரும் படிப்பதில்லை. நிலத்தடி நீர் 180 சென்டிமீட்டருக்குள்ளேயே இருந்தால் குழி தோண்டாதே, தரைக்கு மேல் மண்மேடு போட்டு அதற்குள் கழிவுநீரை விடு என்கிறது. காரணம் சிம்பிள். டாங்க்கிலிருந்து வெளிவருகிற தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், அதில் கிருமி அப்படியே இருக்கும். அதை வடிகட்டுவது குழிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே இருக்கிற காய்ந்த மண்தான். குழியின் அடியே தண்ணீரில் நின்றால், வடிகட்டுவது யார்?

லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி இடங்களில் இந்த விதியைச் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டுக்கு வீடு ஓட்டி நிற்கும்போது அறுபது அடிக்கு எங்கே போவது? நியாயம்தான். அதனால்தான் இதை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் கட்டக்கூடாது என்கிறேன். நாலைந்து வீட்டுக்குச் சேர்த்து, கசியாத, தரைக்கு மேல் தூக்கிய ஒரே டாங்க். அதுவும் லாரியின் ஹோஸ் எட்டுகிற இடத்தில். கக்கூஸ் கட்ட உதவித் தொகை கொடுக்கிற கையோடு, கசடு எடுக்கிற செலவுக்கும் ஏற்பாடு. தூய்மை இந்தியா திட்டத்தில் 2014-லிருந்து வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் கட்டுவதோடு கதை முடிந்துவிடுவதில்லையே!

லாரியை எப்போது கூப்பிடுவது? சித்திரையிலிருந்து ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். மழையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது டாங்க்கை முழுக்கக் காலி செய்தால், அது படகு மாதிரி மிதக்கப் பார்க்கும்! பிளாஸ்டிக், ஃபைபர் டாங்க் என்றால் மண்ணைப் பிளந்துகொண்டே மேலே வந்துவிடும். சிமென்ட் டாங்க்கில் விரிசல் விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் மாதிரி ஒரு வெள்ளம் வந்து கழிப்பறைத் தண்ணீர் திரும்பி வந்தால், வெள்ளம் வடிகிற வரை பொறுக்க வேண்டும். எடுக்கும்போதும் வழித்துத் துடைக்க வேண்டாம், கொஞ்சம் பழைய கசடு அடியில் இருக்கட்டும். அதில் இருக்கிற நல்ல கிருமிகள்தான் மறுபடி வேலை செய்ய வேண்டும். அதற்காக ஈஸ்ட், சாணி, கடைப் பவுடர் என்று எதையும் கரைத்து ஊற்றுவது வீண். ஆசிட் பாட்டிலைக் கவிழ்க்கிற பழக்கமும் வேண்டாம். நாப்கின், குழந்தை டயாப்பர், மீன் செதில், பொரித்த எண்ணெய் இதெல்லாம் உள்ளே போகவே கூடாது.

இப்போது சொல்லப் போவதைச் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "லாரிக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் கேக்கறாங்க, ஆளை விட்டு அள்ளிடலாம்" என்று மட்டும் தயவுசெய்து யோசிக்காதீர்கள். மூடிய டாங்க்குக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷவாயு இருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை வாடை. அதிகமாக இருந்தால் மூக்கையே மரத்துப் போகச் செய்துவிடும், வாடையே தெரியாது! 'நாத்தம் இல்லையே' என்று இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சுருண்டு விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிற தம்பியும் விழுகிறார். பேப்பரில் 'மூவர் பலி' என்று வருவதெல்லாம் இப்படித்தான். 2013-ம் வருஷச் சட்டப்படி மனிதரைப் பாதுகாப்பில்லாமல் உள்ளே இறக்குவது குற்றம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் இரண்டு வருஷம் வரை ஜெயில், இரண்டு லட்சம் வரை அபராதம் உண்டு. சாக்கடையில் இறங்கிச் சாகிறவர்கள் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்கச் சொல்லி 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. ஆனாலும் சட்டத்துக்குப் பயந்து இறக்காமல் இருப்பது ஒரு காரணமா? அந்த வேலைக்கு என்று தலைமுறை தலைமுறையாக ஒரே ஜாதி ஆட்களைக் கூப்பிட்டு, கொல்லை வழியாக வரச் சொல்லி, தனி டம்ளரில் காபி கொடுத்த பழக்கத்தின் மிச்சம் இது. நம் வீட்டோடு ஒழியட்டும்.

லாரி வந்தால் டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "எங்கேப்பா கொண்டுபோய் கொட்டுவே?" கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று தமிழக அரசு 2014-லேயே விதிமுறை வகுத்திருக்கிறது. மதுராந்தகம் பக்கம் கருங்குழிப் பேரூராட்சியில் கசடுக்கென்றே தனியாக ஒரு நிலையம் கட்டினார்கள். டிரைவர் மழுப்பினால், ஏரியிலோ கால்வாயிலோ ராத்திரி கொட்டப் போகிறார் என்று அர்த்தம். வேறு லாரி பாருங்கள். கூடக் கொஞ்சம் பணம் ஆகும், ஆகட்டும்.

கடைசியாக, டாங்க்கிலிருந்து மேலே போகிற வென்ட் பைப்பின் வாயைப் பாருங்கள். யானைக்கால் நோயைப் பரப்புகிற க்யூலெக்ஸ் கொசு முட்டையிட அந்த டாங்க் தோதான இடம். பைப் வாயில் நைலான் வலைத் துண்டு ஒன்றைக் கட்டி, கம்பியால் இறுக்குங்கள். சிலாபில் விரிசல் இருந்தால் சிமென்ட் பூசுங்கள். சுத்தம் செய்த தேதியையும் லாரிக்காரர் நம்பரையும் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை வீட்டில் யார் இருந்தாலும் தேடாமல் கிடைக்கும்.