என் முகத்துக்கு மட்டும் வயசாகிவிட்டதா?

ஒரே செட், ஒரே அடுப்பு. டிவி தொகுப்பாளரான நானும் சமையல் நிபுணர் ஒருவரும் வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். அவருக்குத் தலை நரைத்தது, அனுபவசாலி என்றார்கள். எனக்குக் கண்ணுக்குக் கீழே கோடு விழுந்தது, புது முகம் பார்க்கலாம் என்றார்கள். கேட்க நாதியில்லை என்று நினைத்துவிட்டார்களா என்னை?

நான் வேப்பூர்க்காரி. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும். வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசைக் கணிப்பார்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள். ஆனால் பணத்தை எண்ணிக் கையில் வைத்த பிறகுதான் கயிறு கைமாறும். அந்த நியாயம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

உள்ளூர் கேபிளில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லித் தொடங்கியவள் நான். அங்கிருந்து சென்னை, பெண்களுக்கான மதிய நிகழ்ச்சி. கோலம், கூந்தல் பராமரிப்பு, வீட்டு அலங்காரம், சமையல் என்று எதைக் கொடுத்தாலும் செய்தேன். ஒரே நாளில் ஐந்தாறு எபிசோடு எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு புடவை, அதுவும் நாமே கொண்டுபோக வேண்டும். சூடாறி, எண்ணெய் உறைந்து, பளபளப்புக்காக மேலே இன்னும் எண்ணெய் தடவிய குழம்பை வாயில் வைத்து, முகம் மலர்ந்து “ஆஹா” என்று சொல்ல வேண்டும். “இன்னொரு டேக்” என்பார்கள், மறுபடி ஒரு கரண்டி. வெறும் வயிற்றில் அதைச் செய்துவிட்டு ஓரமாகப் போய் வாந்தியெடுத்துத் திரும்பிய நாள் உண்டு. திரும்பி வந்தும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் என் வேலை, அதை நான் குறைத்ததே இல்லை.

செட்டில் அலமாரி வெறிச்சென்று இருக்கிறதே என்று, விருத்தாசலம் செராமிக் பேட்டையிலிருந்து ஊறுகாய் ஜாடிகளும் பொம்மைகளும் கைக்காசு போட்டு வாங்கிப்போய் அடுக்கினேன். எங்கள் பக்கத்து ஆட்கள் சூளையில் சுட்டெடுத்த சாமான் டிவியில் தெரியட்டுமே என்று ஆசை. அவை இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. உடைந்தால் மட்டும்தான் ஜாடியை மாற்றுவார்கள்போல.

நான் கர்ப்பமானதும், அடுப்பு மேடையின் உயரத்தைக் கூட்டினார்கள். வயிறு தெரியாமல், மார்புக்கு மேல் மட்டும் ஃபிரேம். எனக்காகத்தான் இவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்று உள்ளம் குளிர்ந்தேன். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அழைப்பும் வரவில்லை, கடைசி ஷெட்யூலுக்கான பணமும் வரவில்லை. குழந்தை பிறந்ததும் போன் போட்டேன். “ஷெட்யூல் வந்தா சொல்றோம் மேடம்.” அந்த ஷெட்யூல் வரவே இல்லை. நான் நின்ற இடத்தில் இருபது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கும் இதேதான் நடக்கப்போகிறது என்ற பயம்தான் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றானது. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். நான் வேலை பார்த்தேன் என்று எந்தத் தாள் சொல்லும்? எபிசோடுக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சு, மாசக் கடைசியில் வவுச்சரில் ஒரு கையெழுத்து. அப்போதிருந்த 1955-ன் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள்காரர்களுக்கு என்றிருந்தது. 1981-ன் சினிமாத் தொழிலாளர் சட்டம் முழுநீளப் படத்தில் வேலை செய்தவர்களுக்கு என்றிருந்தது. டிவி தொகுப்பாளர்கள் நாங்கள் எந்தக் கணக்கில் வந்தோம்? அதே 1981-ல்தான், முதல் கர்ப்பத்தோடு விமானப் பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் ஏர் இந்தியாவின் விதியைச் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பெண்களுக்காவது எதிர்த்து வழக்குப் போட ஒரு விதி இருந்தது. என்னை அனுப்பியதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லை.

மிரியம் ஓ’ரெய்லியை நினைத்துக்கொள்கிறேன். பிபிசியில் ‘கன்ட்ரிஃபைல்’ என்ற கிராமப்புற வாழ்க்கை நிகழ்ச்சியின் தொகுப்பாளர். ஐம்பதைத் தாண்டியவர். ஹெச்.டி. ஒளிபரப்பு வரும்போது சுருக்கங்கள் தெரியும், ஜாக்கிரதை என்று அவரை எச்சரித்திருக்கிறார்கள். 2009-ல் நிகழ்ச்சியை மாலை நேரத்துக்கு மாற்றியபோது அவரையும் வேறு சில பெண் தொகுப்பாளர்களையும் விலக்கினார்கள். ஆனால் அறுபதைத் தாண்டிய சக தொகுப்பாளர் ஜான் கிரேவன் தொடர்ந்தார். மிரியம் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2011 ஜனவரியில், வயதின் பேரில் அவரிடம் பாகுபாடு காட்டினார்கள் என்று தீர்ப்பு வந்தது, பிபிசி மன்னிப்புக் கேட்டது. அதைப் படித்தபோது எனக்கு அழுகை பொங்கியது. இங்கே நான் எந்தப் படியேறுவேன்? தனியார் நிறுவனம் வயதைக் காட்டி விலக்கக் கூடாது என்று சொல்ல நம்மிடம் சட்டமே இல்லையே.

2024 செப்டம்பரில் ‘குக் வித் கோமாளி’ நிகழ்ச்சியைவிட்டு அதன் தொகுப்பாளர் மணிமேகலை வெளியேறினார். சுயமரியாதைதான் பெரிது என்றார். ஊரே அதை இரண்டு பெண்களின் சண்டையாகப் பிரித்துப் போட்டு மென்றது. தொகுப்பாளரின் வேலை என்ன, அதில் அவளுக்கு என்ன உரிமை என்ற கேள்வி அந்தக் கூச்சலில் அடிபட்டே போனது.

இதில் என் நெஞ்சைப் பிளப்பது இன்னொன்று. என் பழைய எபிசோடுகள் இன்றைக்கும் யூடியூபில் ஓடுகின்றன, நடுநடுவே விளம்பரத்தோடு. என் முகம் பழசு, ஆனால் அந்த முகத்தால் வரும் காசு மட்டும் பழசாகவில்லை. நிகழ்த்துநர் என்றால் யார் என்று சொல்லும் பதிப்புரிமைச் சட்டத்தில் வித்தைக்காரர், பாம்பாட்டி வரைக்கும் பெயர் இருக்கிறது. 2012 திருத்தம் நிகழ்த்துநருக்கு ராயல்டியில் பங்கும் சொல்கிறது. ‘நிகழ்த்தும் வேறு எவரும்’ என்று அந்த வரையறையில் வரும் வார்த்தைகளுக்குள் நான் இல்லையா?

“போயி கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிட்டு வாடி” என்கிறாள் அம்மா. மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில், அநியாயம் நடந்தவர்கள் தங்கள் குறையைத் தாளில் எழுதிச் சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வருவார்கள். கட்டத்தான் போகிறேன். அதே பிராதின் நகல் தொழிலாளர் துறைக்கும் போகும். கடைசி ஷெட்யூலுக்கு வரவேண்டிய பணம், என் பேறுகாலச் சம்பளம், ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு எபிசோடிலும் என் பங்கு. இந்த மூன்றையும்தான் அதில் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.