இளைஞர் நிலையம் எங்கே அமைய வேண்டும்?

நமது இளைஞர் யுவதிகளுக்கென ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு கண்டிப் பகுதிப் பங்குகளிலும் கிராமச் சங்கங்களிலும் அடிக்கடி எழுகிறது. தொழில் வழிகாட்டல், மொழி வகுப்பு, உளவளத்துணை, சட்ட உதவி எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதே எண்ணம். எண்ணம் நல்லது. ஆனால் பேச்சுத் தொடங்கியதும் கட்டடத்துக்கே போய்விடுகிறது. எத்தனை அறை, பணம் தருவது யார், அடிக்கல் நாட்டுவது யார் என்று. அதற்கு முன்னர் இடத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

கண்டி நகரமே வசதி என்பர் பலர். எனது கருத்து வேறு. அது திகன, தெல்தெனியப் பக்கமாகவே அமைய வேண்டும்.

1985 ஏப்ரலில் விக்டோரியா அணை திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரும் அதைச் சூழ்ந்த வயல்களும் நீருக்குள் போயின. கடும் வரட்சியில் பழைய கட்டடங்கள் தலைகாட்டும்போது நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். சிலர் மகாவலி 'சி' வலயத்துக்குச் சென்றனர். சிலர் நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள மேட்டு நிலத்தில் தங்கினர். மகாவலிக் குடியேற்றத்தில் கிடைத்தது இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுத் தோட்டமும். அதைத் துண்டாடக் கூடாது, ஒரு வாரிசின் பெயருக்கே மாற வேண்டும் என்பது நெடுங்கால விதி. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் மற்ற மூவரும் எங்கே போவது? மேட்டு நிலத்தில் தங்கியவர்களுக்கோ பங்கிடுவதற்கு வயலே இல்லை. நிலையம் அந்த மூவருக்குத்தான் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளில் கண்டி மாவட்டத்தில் வீடும் தோட்டமும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது அவர்களோடு சேர்ந்துள்ளனர்.

அந்தப் பிள்ளை ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிப்பதாக எண்ணிப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் ஓரிடம், அடையாள அட்டைக்குக் கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் இன்னோரிடம், பயிற்சிக்கான படிவம் நகரத்தில். அந்தப் படிவமும் பல வேளைகளில் சிங்களத்தில் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் விழுங்கும். இரண்டு தடவை திரும்பி வந்த பெண்பிள்ளை மூன்றாம் தடவை போக மாட்டாள். வீட்டில் மத்திய கிழக்குப் பற்றிய பேச்சு ஆரம்பமாகிவிடும். ஒரே கூரை என்பதன் பொருள் நான்கு அறைகளுக்கு நான்கு பெயர்ப்பலகை மாட்டுவதல்ல. வந்த பிள்ளையின் காரியம் முடியும்வரை கூடவே நிற்கும் ஒரு பணியாளர் அங்கே இருக்க வேண்டும்.

சேவைகளை நாம் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979 முதலும், தொழிற் பயிற்சி அதிகார சபை 1995 முதலும் இயங்குகின்றன. குண்டசாலை விவசாயக் கல்லூரி திகனைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. வாரத்தில் குறித்த ஒரு நாளில் ஒவ்வோர் உத்தியோகத்தரை நிலையத்துக்கு அனுப்புமாறு கேட்பது, இன்னொரு தையல் வகுப்பு ஆரம்பிப்பதைவிடப் பயனுள்ளது. (தையல் வகுப்புகள் நம்மிடம் போதிய அளவு உண்டு.)

திருச்சபைக்கு இது புதிய பாதையுமல்ல. கிராமங்களை விட்டு வேலை தேடித் தூரின் நகருக்கு வந்த சிறுவர்களைப் புனித தொன் பொஸ்கோ ஒன்றுசேர்த்தபோது செபம், படுக்கை, இரவுப் பாடசாலை, விளையாட்டு எல்லாம் ஒரே முற்றத்தில் இருந்தன. 1852இல் தொழில் பழகும் சிறுவனுக்காக முதலாளியுடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்து தாமும் கையொப்பமிட்டார். அவுஸ்திரேலியாவில் 2006இல் அரசு ஆதரவுடன் தொடங்கிய 'ஹெட்ஸ்பேஸ்' நிலையங்களில் 12 முதல் 25 வயதுவரையானோர் மனநலம், உடல்நலம், போதைப்பொருள், தொழில் ஆகியவற்றுக்கான உதவியை ஒரே வாசலில் பெறுகின்றனர்.

ஒரே வாசல் என்பதை வற்புறுத்துகிறேன். 'உளவளத்துணை' என்று பலகை மாட்டிய அறைக்குள் நம் கிராமத்துப் பையன் நுழைவானா? நாளைக்கே ஊர் முழுவதும் பேசும். படிவம் நிரப்ப வந்தவனோடு பேசும்போதுதான் மற்றது வெளிவரும். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்திருந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1995இலும் அதன் பின்னரும் கொடிய கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்டதால் அந்த வீதம் பெருமளவு குறைந்தது. மருந்து தடைப்பட்டது, கடனும் வேலையின்மையும் தடைப்படவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கூட்டத்தில் நின்றவர்களில் இளைஞர் பலர். அணையால் இடம்பெயர்ந்தோருக்காக உருவான புதிய நகரிலேயே, வேலையற்ற இளைஞர்கள் அயலவனின் கடையை எதிரியாகக் கண்டனர். ஆகவே நிலையம் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால் நான் அதை ஆதரிக்க மாட்டேன். 1972இல் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கியபோது, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றாகப் பணியாற்றுவதையே அதன் அடிப்படையாக வைத்தார். தமிழும் சிங்களமும் ஒரே மேசையில் கற்பிக்கப்பட வேண்டும். நிர்வாகக் குழுவில் பாதிப் பேராவது முப்பது வயதுக்குக் குறைந்தவர்களாக இருக்க வேண்டும். குருவானவர் தலைவராக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அடிக்கல் காத்திருக்கலாம். முதலில் வாடகை வீடொன்றில் ஓராண்டு நடத்திப் பார்ப்போம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊருக்கான கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். நிலையத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவது என்பதை அதைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.