தீக்கு இரையாகும் எரு

சோழகக் காற்று வீசத் தொடங்கியதும் தீவகத்துப் பனை வளவுகளில் காவோலைகள் சரிகின்றன. பூவரசும் வேம்பும் சருகு உதிர்க்கின்றன. இவற்றைக் கூட்டிக் குவித்துத் தீ மூட்டுவதே இன்று பல வளவுகளில் நடைபெறுகின்றது. அற்பமாகத் தோன்றும் இவ்விடயம் தீவகத்தின் நாளைய வாழ்வுடன் தொடர்புடையதாகும்.

முன்னோர் ஓலையை இருமுறை பயன்படுத்தினர். வேலியாகவும் கூரையாகவும் உழைத்துப் பழுதடைந்த ஓலை, பின்னர் தோட்டத்தில் எருவாகத் தாழ்க்கப்பட்டது. பூவரசங்குழையும் அவ்வாறே புதைக்கப்பட்டது. இதற்குத் தக்க காரணம் உண்டு. இலை உக்குவதற்கு ஈரம் வேண்டும், நுண்ணுயிர்கள் வேண்டும். மலையகத்தில் அந்நியத் தாவரமான பைன் நடப்பட்ட சரிவுகளில், நார்ப்பொருள் மிகுந்து நைதரசன் குறைந்த ஊசியிலைகள் எளிதில் உக்காது தேங்கி, வரட்சிக் காலத்தில் காட்டுத்தீக்கு இரையாகின்றன. பனையோலையும் விரைவில் உக்காத இனமே. நிலத்தின்மேல் கிடந்தால் மாதக்கணக்கில் காய்ந்தே கிடக்கும். மண்ணுக்குள் புதைத்தால் மாரியின் ஈரத்தில் மெல்ல மெல்ல எருவாகும்.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் ஆறுகள் இல்லை. சுண்ணக்கற் பாறையின் மேல் மெல்லிய மண். அதன் கீழ் உவர்நீரின் மேல் மிதக்கும் சிறிதளவு நன்னீர். உக்கல் நிறைந்த மண் மழைநீரைத் தாங்கி நிற்கும். பசளையின் சத்தையும் பிடித்து வைக்கும். உக்கல் அற்ற மண்ணில் இடப்படும் யூரியாவோ எளிதில் கிணற்றைச் சென்றடையும். குடாநாட்டில் செறிவாகப் பயிர் செய்யப்படும் பகுதிகளின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. தீவகம் அவ்வழியே செல்லலாகாது.

2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்த பின்னர் அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. சேதனப் பசளை வர்த்தமானி அறிவித்தலால் உருவாவதில்லை, பருவங்களின் பொறுமையால் உருவாவது என்பதே அதன் படிப்பினையாகும்.

போரினால் 1990, 1991 காலப்பகுதியில் தீவகத் தமிழர் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்ட வளவுகளுடன் இந்த மண்ணறிவும் கைநழுவியது. மீண்டு வருவோர் எவராயினும், அவர்களது முற்றத்தில் விழும் சருகு ஒன்றே. அவர்கள் நம்பியிருக்கும் நன்னீரும் ஒன்றே.

எனவே பிரதேச சபைகள் சருகு எரிப்பதைத் தடுத்து, ஐப்பசி மழைக்கு முன் வட்டாரந்தோறும் எருக்குழிகள் வெட்ட முன்வரவேண்டும். ஓலையை நறுக்கிச் சாணத்துடன் கலந்து இட்டால் உக்கும் காலம் குறையும். பெருஞ்செலவு தேவையில்லை. மண்ணுக்குரியதை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கும் மனம் இருந்தாற் போதும்.