கதை கேட்டாச்சு, நீதி எங்கே?

போன மாதம் என் மகளின் பள்ளியில் கதை சொல்லும் போட்டி. அவளுக்கு எட்டு வயது. பினோக்கியோ புத்தகத்திலிருந்து ஒரு பகுதியை அவளே தேர்ந்தெடுத்து, குரலை மாற்றி, கை காலை ஆட்டிச் சொன்னாள்.

மரப்பொம்மைப் பையன் பினோக்கியோ தன் தங்கக் காசுகளைத் திருடர்களிடம் பறிகொடுத்துவிட்டு நீதிமன்றத்துக்கு ஓடுகிறான். நீதிபதி ஒரு கிழட்டுக் கொரில்லா. தங்க ஃப்ரேம் போட்ட மூக்குக்கண்ணாடி, ஆனால் அதில் கண்ணாடி மட்டும் கிடையாது. பையன் சொல்வதையெல்லாம் கொரில்லா உருகி உருகிக் கேட்கிறது. கேட்டுவிட்டு, காசைப் பறிகொடுத்த குற்றத்துக்காகப் பையனையே பிடித்து உள்ளே போடச் சொல்கிறது. நாலு மாதம் ஜெயில். பிறகு ராஜா போரில் ஜெயித்த சந்தோஷத்தில் எல்லா அயோக்கியர்களுக்கும் விடுதலை. நீதான் அயோக்கியன் இல்லையே, உனக்கு விடுதலை கிடையாது என்கிறார் ஜெயில்காரர். ஐயோ, நானும் அயோக்கியன்தான் என்கிறான் பையன். உடனே அவர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்து வழியனுப்பி வைக்கிறார்.

கூடமே சிரித்தது. பின்வரிசையில் நின்ற வேன் டிரைவர்கூடச் சிரித்தார். நடுவராக வந்திருந்த அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெரிகுட்! மாரல் ஆஃப் தி ஸ்டோரி என்னம்மா?" என்றார்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "மாரல் தெரியலை மிஸ். அந்த கொரில்லா பண்ணினது தப்பு மிஸ்."

மாரல் சொல்லாததற்கு ஐந்து மார்க் அவுட். முதல் பரிசு ஆமைக்கும் முயலுக்கும் போனது. அந்த ஆமை எத்தனை தலைமுறையாக ஜெயித்துக்கொண்டிருக்கிறது பாருங்கள்!

பரிசு போன ஆத்திரத்தில் அப்பன்காரன் புலம்புகிறான் என்று நினைக்காதீர்கள். என் சண்டை நடுவரோடு இல்லை, அந்தக் கேள்வியோடு. அதை நீங்களும் கேட்கிறீர்கள், நானும் கேட்டிருக்கிறேன். கதை முடிந்த கையோடு, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிற மாதிரி, 'இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?' குழந்தை முகத்தில் அதுவரை இருந்த வெளிச்சம் அந்த நிமிஷமே அணைந்துவிடும். இதுவும் பாடம்தான் என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

பினோக்கியோ என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பொய் சொன்னால் மூக்கு நீளும். ஆக, நீதி: பொய் சொல்லக் கூடாது. மொத்தம் 36 அத்தியாயம் உள்ள புத்தகம் சார் அது. பொய்யால் மூக்கு நீளும் இடங்கள் கைவிரலில் எண்ணக் கூடியவை. நம் ஆட்கள் மூக்கை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு ஆளைத் தெருவில் விட்டுவிட்டார்கள்.

எழுதியவர் இத்தாலிக்காரர் கார்லோ லோரென்சினி. கொலோடி என்பது அவருடைய அம்மாவின் ஊர். அதையே புனைபெயராக வைத்துக்கொண்டார். 1881 ஜூலையில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக ஆரம்பித்தார். பதினைந்தாவது அத்தியாயத்தில் பையனை ஓக் மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்தும் விட்டார். பெரியவர்கள் பேச்சைக் கேட்காதவன் தொங்கினான். நீதி கச்சிதமாகக் கிடைத்துவிட்டது. நீதிதான் முக்கியம் என்றால் அத்தோடு எல்லோரும் திருப்தியாகத் தூங்கப் போயிருக்க வேண்டும். யாரும் போகவில்லை. பையன் வேண்டும் என்று கேட்டார்கள். 1882 பிப்ரவரியில் அவனைப் பிழைக்கவைத்துத் தொடர்ந்தார். 1883 ஜனவரியில்தான் கதை முடிந்தது.

அந்தப் புத்தகத்தில் உபதேசம் செய்வதற்கென்றே ஒரு பாத்திரம் உண்டு: பேசும் சில்வண்டு. அப்பா பேச்சைக் கேள், பள்ளிக்கூடம் போ, ஏதாவது தொழில் கற்றுக்கொள் என்று நாலாவது அத்தியாயத்திலேயே ஆரம்பிக்கிறது. பினோக்கியோ என்ன செய்கிறான்? மரச்சுத்தியலை எடுத்து வீசுகிறான். சில்வண்டு சுவரோடு ஒட்டிச் செத்துப்போகிறது! 1940-ல் டிஸ்னி படம் எடுத்தபோது இதைத் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. சில்வண்டைச் சாகவிடாமல் தொப்பியும் குடையும் கொடுத்துக் கதாநாயகனாகவே ஆக்கிவிட்டார்கள். கொரில்லா நீதிபதியைக் காணோம்.

செத்த சில்வண்டும் சும்மா இருப்பதில்லை. ஆவியாக வந்து மறுபடி எச்சரிக்கிறது: ஒரே நாளில் பணக்காரன் ஆக்குகிறேன் என்பவனை நம்பாதே. நூறு சதவீதம் சரியான புத்திமதி. பினோக்கியோ கேட்டானா? கேட்கவில்லை. உபதேசத்தை இரண்டு தரம் சொல்லவைத்து, இரண்டு தரமும் அது வேலைக்கு ஆகவில்லை என்று சிரித்துக்கொண்டே காட்டுகிறார் கொலோடி. இத்தனைக்கும் அவர் பள்ளிப் பாடப்புத்தகங்கள் எழுதிய மனுஷன். பாடத்தால் ஆவது எது, ஆகாதது எது என்று அவருக்குத் தெரியாதா?

சரி, அந்தக் காசு விஷயத்துக்கு வருகிறேன். பையனிடம் ஐந்து தங்கக் காசு இருக்கிறது. ஒரு நரி, ஒரு பூனை. அற்புத வயல் என்று ஒன்று உண்டு, அதில் காசைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டால் காலையில் காசு மரம் முளைக்கும், ஒன்றுக்கு ஐநூறு, ஐந்துக்கு 2,500 என்று நரி கணக்குச் சொல்கிறது. பையன் வாயைப் பிளக்கிறான். ஒரு காசு வழியில் சத்திரத்துச் சாப்பாட்டிலேயே காலி. மிச்சம் நாலையும் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தால், மரமும் இல்லை, காசும் இல்லை. மரத்தில் உட்கார்ந்து ஒரு கிளி சிரிக்கிறது.

இந்த இடத்தை முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது.

நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். 1997. அப்பா ஓய்வு பெற்று இரண்டு லட்சம் ரூபாய் கையில் வந்திருந்தது. எங்கள் பேட்டையில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 24 சதவீத வட்டி என்று போர்டு போட்டிருந்தது. வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே ஏசி, போகிறவர்களுக்கெல்லாம் ரோஸ் மில்க். அப்பாவுக்குத் தயக்கம்தான். தெம்பு கொடுத்தவன் வீட்டிலிருந்த காமர்ஸ் மாணவன். கூட்டுவட்டி ஃபார்முலா தெரியும் அல்லவா? நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். மூன்று வருஷத்தில் 3,81,324 ரூபாய் 80 காசு. அந்த 80 காசைப் பார்த்ததும்தான் அப்பாவுக்கு நம்பிக்கையே வந்தது.

பதினாலாவது மாதம் ஷட்டர் இறங்கியது. அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் வரிசையாக இப்படி ஷட்டர் இறங்கி, முதலீட்டாளர்களைக் காப்பாற்ற 1997-லேயே தனிச் சட்டம் போட வேண்டிவந்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்து, "படிச்சவர்தானே, இவ்வளவு பேராசை எதுக்கு?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடியை அன்றைக்கு நேரிலேயே பார்த்தேன்.

'பேராசை பெருநஷ்டம்' என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? எத்தனை கதைக்கு அடியில் எழுதியிருக்கிறேன், பத்துக்குப் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன்! தெரிந்த நீதி சமயத்தில் வாயைத் திறக்கவே இல்லை. அந்த நரியின் நைச்சியமும் கிளியின் சிரிப்பும் சின்ன வயசிலேயே மனசில் ஏறியிருந்தால், ரோஸ் மில்க்கை வாயில் வைக்கும்போதே லேசாக உறுத்தியிருக்கும். உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் ஃபார்முலாவைவிட நரிக்கு வாய்ப்பு அதிகம்.

'நீதியே இல்லாவிட்டால் பிள்ளை கெட்டுப்போகாதா?' என்று கேட்பீர்கள். யார் இல்லை என்றது? கொலோடியிடமும் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தில் நோயாளி அப்பாவுக்கு ஒரு டம்ளர் பால் வாங்க, பினோக்கியோ நூறு வாளித் தண்ணீர் இறைக்கிறான். மாதக் கணக்கில் இறைக்கிறான். கூடை முடைகிறான். புதுச் சட்டைக்குச் சேர்த்த நாற்பது செப்புக் காசை, தன்னை வளர்த்த தேவதைக்கு உடம்பு சரியில்லை என்றதும் கொடுத்துவிடுகிறான். மறுநாள் காலை அவன் நிஜப் பையன். பக்கத்தில் ஒரு பர்ஸ். உள்ளே நாற்பது தங்கக் காசு. புதைத்த காசு போச்சு, கொடுத்த காசு வந்துச்சு. எவ்வளவு அழகான பேலன்ஸ் ஷீட்! அந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்க்கும் சந்தோஷம் குழந்தையுடையது. அதற்கு முன்பே விடையைக் கத்திவிட நமக்கு என்ன அவசரம்?

ஆகவே பெற்றோர்களே, டீச்சர்களே, கதைப் போட்டி நடுவர்களே, ஒரு வேண்டுகோள். கதை முடிந்ததும் வாயை மூடிக்கொள்வோம். சிரித்தால் கூடச் சிரிப்போம். பயந்தால் பக்கத்தில் இருப்போம். கேள்வி கேட்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுவோம். அது கேட்கும், சத்தியமாகக் கேட்கும். அதற்குப் பதில் சொல்லத்தான் நமக்குத் தைரியம் வேண்டும்.

காசு மரத்தைப் படித்துக் காட்டிய ராத்திரி, விளக்கை அணைத்த பிறகு என் மகள் இருட்டில் கேட்டாள்: "அப்பா, தாத்தாவோட பணம் போச்சுன்னு பாட்டி சொல்லுவாங்களே, அதுவும் இந்த மாதிரி வயல்லதானா?"

"ஆமாம்மா."

"நரி யாரு?"

கம்பெனியின் பெயரைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த 80 காசு ஞாபகம் வந்தது.

"நரி வேற ஆளு. தண்ணி ஊத்தினது நான்."